1944 வெள்ளை அறிக்கையில் 3 சதவீதம் இருந்ததா?

வடகரை: "1944இல் பிரிட்டிஷ் அரசு 3 சதவீத வேலையின்மையை இலக்காக அறிவித்தது" என்று நேற்று ஒருவர் இங்கே எழுதியிருக்கிறார். எத்தனை தடவைதான் திருத்துவது? வேலைவாய்ப்புக் கொள்கை பற்றிய மே மாத வெள்ளை அறிக்கை 'உயர்ந்த, நிலையான வேலைவாய்ப்பு' என்பதோடு நிறுத்திக்கொண்டது. இலக்காக எந்த எண்ணும் கிடையாது. 3 என்பது பொருளியலாளர் வில்லியம் பெவரிட்ஜ் தன் பெயரில் எழுதி நவம்பரில் வந்த நூலில் உள்ளது.

மணிமாறன்: எழுதியது நான்தான் சார், பெயர் சொல்லியே திட்டலாம். பெவரிட்ஜ் என்ன வழிப்போக்கரா? 1942 சமூகக் காப்பீட்டு அறிக்கையே அவருடையதுதானே.

வடகரை: அந்த அறிக்கையின் காப்பீட்டுக் கணக்கில் வேலையின்மை 8.5 சதவீதம் இருக்கும் என்றுதான் வைத்துக்கொண்டார். அதை ஏன் மறைக்கிறீர்கள்? 1944 நூலின் 3 எப்படி வந்தது தெரியுமா? பருவகாலத்தில் வேலை நின்றுபோவதற்கு 1, வேலை மாறும் இடைவெளிக்கு 1, வெளிநாட்டு வணிகத்தின் ஏற்ற இறக்கத்துக்கு 1. அவ்வளவு கீழே இறங்கினால் வியப்பேன் என்று பொருளியலாளர் கெய்ன்ஸே அவருக்கு எழுதினார். அரசு எங்கே ஏற்றது?

செங்காந்தள்: எண்ணை விடுங்கள். வேலை தேடுவோரைவிடக் காலியிடம் அதிகம் இருக்க வேண்டும், அதுவும் நியாயமான கூலியில், ஆட்கள் போகக்கூடிய இடத்தில். முழு வேலைவாய்ப்புக்குப் பெவரிட்ஜின் வரையறை அதுதான்.

வடகரை: வரையறை கிடக்கட்டும். வெள்ளை அறிக்கையில் 3 உண்டா, இல்லையா?

மணிமாறன்: 1951இல் நிதியமைச்சர் கெய்ட்ஸ்கல், முழு வேலைவாய்ப்புக்கு உங்கள் இலக்கு என்ன என்று ஐ.நா. கேட்டபோது 3 என்றுதானே சொன்னார்? அவர் அரசு இல்லையா?

வடகரை: 1951 எப்படி 1944 ஆகும்? அவர் சொன்னதும் ஆண்டில் வேலையின்மை மிக அதிகமாக இருக்கும் பருவத்தில் 3. பெவரிட்ஜுடையது சராசரி. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

செங்காந்தள்: 1950களில் வேலையின்மை பெரும்பாலும் 2 சதவீதத்துக்கும் கீழே இருந்தது என்று பெருமையாகச் சொல்வார்களே, அது வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்தவர்களின் கணக்கு. காப்பீட்டின் முழுச் சந்தா வேண்டாம் என்று விலகிய மணமான பெண்களுக்கு வேலையில்லாக்கால உதவித்தொகை கிடையாது. பதிந்து என்ன பயன்? பலர் பதியவே இல்லை.

மணிமாறன்: போன மாதம் பிலிப்ஸ் வளைகோட்டு (வேலையின்மைக்கும் கூலி உயர்வுக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் கோடு) இழையில் கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. இப்போது பெண்கள் கணக்கு!

செங்காந்தள்: அங்கே பதில் இருக்கிறது. பிலிப்ஸ் எடுத்தது 1861 முதல் 1957 வரையிலான கூலி விவரம், விலைவாசி அல்ல. படித்தால்தானே தெரியும்.

மணிமாறன்: படித்துவிட்டுத்தான் கேட்டேன்.

வடகரை: அதை அந்த இழையில் வைத்துக்கொள்ளுங்கள். மணிமாறன், வெள்ளை அறிக்கையில் எந்தப் பத்தியில் 3 இலக்கு இருக்கிறது? பத்தி எண் கொடுங்கள்.

மணிமாறன்: கெய்ட்ஸ்கல்லுக்கு முதலில் பதில் சொல்லுங்கள்.

வடகரை: பத்தி எண்.