டெஸ்லாவ பிஒய்டி முந்திடுச்சாம், பெட்ரோல் டேங்க்க வச்சுக்கிட்டே!

ரேடியேட்டர் ரவி:
ரெண்டு நாளா எந்த குரூப்ப தொறந்தாலும் அதே வீடியோதான். சீனாவோட கார் கம்பெனி பிஒய்டி 2024ல 42.7 லட்சம் எலக்ட்ரிக் கார் வித்துச்சாம், டெஸ்லா வெறும் 17.9 லட்சமாம், அதோட டெஸ்லா கதை முடிஞ்சுதாம். யோவ், அந்த 42.7ல கிட்டத்தட்ட 25 லட்சம் ப்ளக்-இன் ஹைப்ரிட்யா, ப்ளக்லயும் சார்ஜ் போடலாம், பெட்ரோலும் ஊத்தலாம்! டேங்க் இருக்கு, இஞ்சின் இருக்கு, சைலன்சர் இருக்கு. டேங்க் இருக்கிற வண்டிய எப்படிய்யா எலக்ட்ரிக்ல சேர்ப்பீங்க? வெறும் பேட்டரி வண்டிய மட்டும் எடுத்தா பிஒய்டி 17.6, டெஸ்லா 17.9. யார் முன்னாடின்னு நீங்களே பாத்துக்கோங்க. வீடியோ போட்டவனுக்கு கழித்தல் கணக்கு வராதா?

லித்தியம் செல்வம்:
வந்துட்டாருய்யா. ரவி சார், நீங்க 2024லயே நின்னுட்டீங்க, 2025 முடிஞ்சு போச்சு. டேங்க் இல்லாத வண்டி மட்டுமே பிஒய்டி 22.5 லட்சம் வித்திருக்கான், டெஸ்லா 16.4. இப்ப கழிங்க பாப்போம். அப்புறம் டேங்க் டேங்க்னு குதிக்கிறீங்களே, பிஒய்டியோட டிஎம்-ஐங்கற அந்த ஹைப்ரிட் வண்டி எப்படி ஓடுதுன்னு தெரியுமா, ஊருக்குள்ள போறப்ப சக்கரத்த சுத்துறது மோட்டாரு, பேட்டரி இறங்குனா இஞ்சின் ஜெனரேட்டர ஓட்டி கரண்ட் தரும், ஹைவேல ஒரே வேகத்துல போறப்பதான் இஞ்சின் நேரா சக்கரத்துக்கு வரும். 2024 பிப்ரவரில சின் பிளஸ்னு அந்த ஹைப்ரிட் வண்டிய 79,800 யுவானுக்கு இறக்குனான், அப்போ நம்ம காசுல கிட்டத்தட்ட ஒம்போதேகால் லட்சம். டொயோட்டா கொரோலாவும் நிசான் சில்ஃபியும் வாங்கிட்டு இருந்த சீனாக்காரன் அப்படியே இந்தப் பக்கம் திரும்பிட்டான். அது கம்பெனியோட சாமர்த்தியம். உங்களுக்கு டேங்க் மட்டும்தான் கண்ணுக்கு தெரியுது.

ரேடியேட்டர் ரவி:
"ஹைவேல இஞ்சின் நேரா சக்கரத்துக்கு வரும்". நீங்களே எழுதிட்டீங்க, நன்றி. டேங்க் இருக்கா இல்லையா? இருக்கு. முடிஞ்சுது.

ஒரகடம் பையன்:
அண்ணே, சீனால ரெண்டையும் ஒரே பேர்லதான் கணக்கு எடுக்கிறாங்க, புது எரிசக்தி வண்டின்னு. நீங்க ரெண்டு பேரும் எத வச்சு எலக்ட்ரிக்னு சொல்றீங்கன்னு மொதல்ல பேசிட்டா...

ரேடியேட்டர் ரவி:
தம்பி, பேரு அவன் வச்சுக்கிட்டது. டேங்க் நான் கண்ணால பாக்கிறது.

லித்தியம் செல்வம்:
இவரு இப்படித்தான், ஹைட்ரஜன் காரு பத்தி பேசுனப்பவும் இதே ஒத்த வரிய பத்து தடவ போட்டுட்டு கடைசில ஆளையே காணோம், நான் மறக்கல. சரி, டேங்க்க விடுங்க, இந்தக் கம்பெனி எங்கருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டு பேசுங்க. 1995ல சீனாவுல ஷென்சென்ல வாங் சுவான்ஃபுன்னு ஒரு கெமிஸ்ட்ரி படிச்ச ஆளு, சொந்தக்காரர் லூ ஷியாங்யாங் கிட்ட 25 லட்சம் யுவான் கடன் வாங்கி இருபது பேர வச்சு ஆரம்பிச்சான். கார் இல்ல, நிக்கல்-காட்மியம் பேட்டரி. ஜப்பான்காரன் கோடிக்கணக்குல ரோபோ போட்டு, ஈரம் இல்லாத ரூம் கட்டி பேட்டரி செஞ்சான். இவன் கிட்ட அதுக்கு காசு இல்ல, அதனால ஒரு லைன் வேலைய துண்டு துண்டா பிரிச்சு ஆளுக்கு ஒரு ஜிக்க, அதாவது பாகத்த பிடிச்சு வைக்கிற கருவிய, குடுத்து உக்கார வச்சான். அப்புறம் லித்தியம்-அயன் பேட்டரிக்கு வந்தப்போ, காத்துல ஈரம் படக்கூடாத வேலைக்கு ரூமுக்கு பதிலா கண்ணாடிப் பெட்டி, பெட்டியில ரெண்டு ஓட்டை, ஓட்டையில ரப்பர் கையுறை, வெளிய உக்காந்துக்கிட்டு உள்ள கைய விட்டு வேல. இந்த பேட்டரியத்தான் மோட்டரோலாவும் நோக்கியாவும் வாங்குனான். உங்க கையில இருந்த பழைய நோக்கியாலயே இவன் சரக்கு இருந்திருக்கலாம், அதுல டேங்க் இல்ல சார்.

ரேடியேட்டர் ரவி:
பேட்டரி செஞ்சான், யார் இல்லைன்னா? 2003ல சிஆன் ஊர்ல ஒரு கார் கம்பெனிய வாங்கி 2005ல எஃப்3ன்னு விட்டானே, அப்படியே கொரோலா! வாங்குனவனே லோகோவ பேத்துட்டு டொயோட்டா லோகோ ஒட்டிக்கிட்டு சுத்துனான். அந்த வரலாறையும் ஒரு பாரா எழுதுங்க. 2011ல டிவி பேட்டியில பிஒய்டி பத்தி கேட்டப்போ எலான் மஸ்க் சிரிச்சாரே, ஞாபகம் இருக்கா?

லித்தியம் செல்வம்:
சிரிச்ச ஆளு இப்ப எங்க இருக்காரு, மேல 16.4ன்னு போட்டிருக்கேன் பாருங்க. காப்பி அடிச்சான், ஆமா, எவன் அடிக்கல? அந்த எஃப்3லயே 2008 டிசம்பர்ல உலகத்துலயே மொத தடவையா பெரிய அளவுல உற்பத்தி பண்ணுன ப்ளக் போடுற ஹைப்ரிட்ட விலைக்கு விட்டான், இத யார பாத்து காப்பி அடிச்சான்? 2020ல பிளேடு பேட்டரி. கிட்டத்தட்ட 96 சென்டிமீட்டர் நீளம், ஒன்னரை சென்டிமீட்டர் கூட தடிமன் இல்ல, பட்டை பட்டையா நேரா பேக்குக்குள்ள அடுக்கிடுவான், நடுவுல மாட்யூல்னு சின்ன சின்ன பெட்டியே கிடையாது. ஆணி அடிச்சு காட்டுனான், தீ பிடிக்கல. இரும்பு பாஸ்பேட், அதுல நிக்கலும் கிடையாது கோபால்ட்டும் கிடையாது, அதான் விலை அடக்கம். பேட்டரி, மோட்டார், சிப், கடைசில கார் ஏத்துற கப்பல் வரைக்கும் சொந்தம். மொதல்ல 2024 ஜனவரில வாடகைக்கு எடுத்த எக்ஸ்ப்ளோரர் 1 கப்பல் 7,000 கார் ஏத்துற அளவுல கிளம்புச்சு. அந்தக் கப்பல்ல டேங்க் இருக்கலாம், அத வேணா எண்ணிக்கோங்க.

கவர்மென்ட் காசு:
எல்லாம் மானியம்ங்க. 2022 ஒரே வருஷத்துல 210 கோடி யூரோ நேரடி மானியம்னு ஜெர்மனில கீல் இன்ஸ்டிடியூட்னு பொருளாதார ஆராய்ச்சி நிறுவனம் சொல்லுது. அந்த காச எனக்கு குடுத்தா நானும் கார் விப்பேன்.

லித்தியம் செல்வம்:
குடுத்தா நீங்க பிளாட் வாங்கி போடுவீங்க. டெஸ்லாவுக்கு 2010ல அமெரிக்க அரசாங்கம் 46.5 கோடி டாலர் கடன் குடுத்துச்சே, அது மானியம் இல்ல, பிரசாதமா?

கவர்மென்ட் காசு:
கடன்னா திருப்பிக் கட்டணும். 2013லயே கட்டிட்டாங்க. கடனுக்கும் மானியத்துக்கும் வித்தியாசம் தெரியாம லித்தியம்னு பேரு.

ரேடியேட்டர் ரவி:
சூப்பர். நானும் ஒன்னு சொல்றேன். ஐரோப்பா 2024 அக்டோபர்ல சீன காருக்கு கூடுதல் வரி போட்டுச்சுல்ல, பிஒய்டிக்கு 17 சதவீதம். எந்த வண்டிக்கு? பேட்டரி வண்டிக்கு மட்டும்! ஹைப்ரிட்டுக்கு அந்த வரி இல்ல. உடனே உங்க ஆளு அங்க ஹைப்ரிட்டா இறக்குறான். வரின்னு வந்தா டேங்க் இருக்குங்கறான், ரெக்கார்டுன்னு வந்தா எலக்ட்ரிக்ங்கறான். இதுக்கு பதில் சொல்லுங்க செல்வம்.

லித்தியம் செல்வம்:
எந்த கதவு தொறந்திருக்கோ அதுலதான் வியாபாரி நுழைவான், இதுல என்ன தப்பு? அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் 2008ல பிஒய்டி பங்க 8 ஹாங்காங் டாலர்னு 22.5 கோடி பங்கு வாங்குனாரே, அவரு டேங்க்க எண்ணிட்டா வாங்குனாரு?

கவர்மென்ட் காசு:
அந்த பஃபெட் 2022ல இருந்து வித்து வித்து 2025ல ஒரு பங்கு கூட இல்லாம வெளிய போயிட்டாரு. அதையும் சேத்து எழுதுங்க.

லித்தியம் செல்வம்:
பல மடங்கு லாபம் பாத்துட்டு போனாரு! லாபத்துல விக்கிறவன் எல்லாம் பயந்து ஓடுறவனா? என்னய்யா லாஜிக் இது!

கொழும்புவாசி:
இஞ்ச வாகன இறக்குமதி திரும்ப திறந்த பிறகு ரோட்டெல்லாம் பிஒய்டிதான். கஸ்டம்ஸ்காரர் அட்டோ 3 வாகனங்கள மறிச்சு வச்சு வரி கணக்குக்காக மோட்டார் 100 கிலோவாட்டோ 150ஓ எண்டு பெரிய பிரச்சினை ஆகி கோர்ட் வரைக்கும் போனது. உங்களுக்கு டேங்க், எங்களுக்கு கிலோவாட்.

ரேடியேட்டர் ரவி:
பாத்தீங்களா, போற இடமெல்லாம் கணக்குல தகராறு.

ஒரகடம் பையன்:
நான் சப்ளையர் கம்பெனில இருக்கேன், எனக்கு உறுத்துறது வேற. 2023ல பிஒய்டி சப்ளையருக்கு பணம் குடுக்க சராசரியா 275 நாள் எடுத்துக்கிட்டாங்கன்னு ஜிஎம்டி ரிசர்ச் ரிப்போர்ட் போட்டுச்சு. 2025 மே மாசம் விலைய 34 சதவீதம் வரைக்கும் குறைச்சு, அவங்க சின்ன கார் சீகல் 55,800 யுவானுக்கு வந்துச்சு. அந்த 34 யார் வயித்துல இருந்து வந்துச்சு? பாகம் செஞ்சு குடுக்கிறவன் வயித்துல இருந்து. ஜூன்ல அரசாங்கம் அழுத்தி 60 நாள்ல குடுக்கிறோம்னு அங்க பெரிய கார் கம்பெனிங்க சொன்னாங்க. எங்களுக்கு இங்க 90 நாள் ஆனாலே சம்பளத்துக்கு ஓவர் டிராஃப்ட்தான்.

லித்தியம் செல்வம்:
தம்பி, அந்த ரிப்போர்ட் போட்டது ஷேர் மார்க்கெட்ல கம்பெனிகள தோண்டுற ஆளு, அவன் வேலையே அது. பெரிய கம்பெனி எவன் சீக்கிரம் குடுக்கிறான்? உங்க ஊருக்கு பக்கத்துல ஸ்ரீபெரும்புதூர்லயே பிஒய்டி ரொம்ப வருஷமா இருக்கான், அட்டோ 3 கார அங்கதான் பாகம் பாகமா சேத்து செஞ்சான். 2023ல ஹைதராபாத் மேகா கம்பெனியோட சேந்து 100 கோடி டாலர் போட வந்தான், டெல்லி வேணாம்னுடுச்சு. பிரேசில்ல ஃபோர்டு விட்டுட்டுப் போன கமசாரி ஃபேக்டரி இடத்த எடுத்து 2025ல கார் இறக்கிட்டான். மறைமலைநகர்ல ஃபோர்டு 2022ல பூட்டுனப்ப இதே மாதிரி ஒருத்தன விட்டிருந்தா எத்தன குடும்பம் பொழச்சிருக்கும்?

ஒரகடம் பையன்:
அந்த கமசாரில 2024 டிசம்பர்ல 163 கட்டட தொழிலாளிங்கள அடிமை மாதிரி வச்சிருந்தாங்கன்னு பிரேசில் அதிகாரிங்க மீட்டாங்களே, அதையும் சேத்து இங்க கொண்டு வரணுமா அண்ணே? எங்க சித்தப்பா மறைமலைநகர்ல வேல போனவரு. வேல வேணும்தான், ஆனா எப்படின்னாலும் பரவாயில்லன்னு அவரும் சொல்ல மாட்டாரு.

லித்தியம் செல்வம்:
அது கான்ட்ராக்டர் வச்ச ஆளுங்க தம்பி, பிஒய்டி அந்த கான்ட்ராக்டர உடனே கழட்டி விட்டுட்டான்.

ஒரகடம் பையன்:
எங்க பக்கமும் எல்லாரும் கான்ட்ராக்ட்தான் அண்ணே.

ரேடியேட்டர் ரவி:
செல்வம், கீல் கணக்குக்கும் ஐரோப்பா வரிக்கும் இன்னும் பதில் வரல. நான் இங்கதான் இருக்கேன்.

லித்தியம் செல்வம்:
இருங்க, ராத்திரி ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்து சின் பிளஸ்ல இருந்து ஒன்னொன்னா எழுதுறேன். இன்னைக்கு விடுறதா இல்ல.