மங்களம் இல்லாமல் முடியும் சிம்பொனி: நீங்கள் எப்படிக் கேட்டீர்கள்?

ஃபேர்லேண்ட்ஸ் வாசகி, சேலம்:

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் என் நாத்தனார் வீட்டில் போன ஞாயிற்றுக்கிழமை குடும்பமாக உட்கார்ந்து ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கியின் ஆறாவது சிம்பொனியைக் கேட்டோம். ஆர்கெஸ்ட்ராவுக்காக நான்கு பகுதிகளாக எழுதிய படைப்பு. 1960இல் எவ்கேனி மிராவின்ஸ்கி லெனின்கிராட் ஃபில்ஹார்மோனிக் குழுவை நடத்திய பதிவு. வெளியே நல்ல மூடுபனி. கொண்டை ஊசி வளைவில் திரும்பும் பஸ்ஸின் ஹாரனைத் தவிர வேறு சத்தம் இல்லை.

முதல் பகுதியில் கிளாரினெட் மெலிந்துகொண்டே போய், கடைசிச் சுரங்களைப் பாசூன் என்ற அடிக்குரல் குழல் வாத்தியம் வாங்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. சத்தத்தைக் குறைத்து வாசிக்கச் சொல்லும் குறியை அங்கே ஆறு முறை அடுக்கி எழுதியிருக்கிறார். எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்த நேரத்தில் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் இடியாக இறங்கியது. நாத்தனார் மகள் கையிலிருந்த காப்பி பாயில் கொட்டிவிட்டது. மூன்றாம் பகுதியின் அணிவகுப்பு இசை முடிந்ததும் கூடமே கை தட்டியது. மிருதங்கத்தின் தனி ஆவர்த்தனத்தில் கோர்வை வந்து விழுந்ததும் நாம் தட்டுகிறோமே, அதே உற்சாகம். அதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. அந்த இசையே கைதட்டலைக் கேட்டு வாங்குகிறது.

நான்காம் பகுதியில்தான் வீட்டுக்குள் பேச்சு எழுந்தது. அது அழுகை. கடைசியில் வயலின் போன்ற பெரிய வாத்தியங்களான செல்லோவும் டபுள் பேஸும் மட்டும் அடியில் முனகி, அதுவும் அடங்கிவிடுகிறது. என் மாமனார் கோயில் திருவிழா நாதஸ்வரக் கச்சேரிகளை விடாமல் கேட்டு வளர்ந்தவர். "முகாரியைப் பாடிவிட்டு அப்படியே எழுந்து போவார்களா? மங்களம் பாடாமல் முடித்தால் கேட்டவர்களுக்கு ஆகாது" என்றார். கையோடு சௌராஷ்டிர ராகத்தில் ஒரு மங்களத்தைப் போடச் சொன்னார். போட்டார்கள்.

எனக்கு மனம் தாங்கவில்லை. மாமா மீது கோபம் இல்லை. அவர் காதுக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் அந்த முடிவுக்குப் பிறகு வரும் அமைதியும் அந்தப் படைப்பைச் சேர்ந்ததுதான் என்று நம்புகிறேன். அதன் மேல் இன்னொரு பாட்டைப் போட்டு மூடலாமா? இதைக் கேட்டவர்கள் சொல்லுங்கள்: அந்த நான்காம் பகுதியை எப்படி ஏற்றுக்கொண்டீர்கள்?

அம்மாப்பேட்டை மிருதங்கம்:

சகோதரி, இரண்டாம் பகுதியை விட்டுவிட்டீர்களே! அது ஐந்து அட்சரம். அதுவும் இரண்டும் மூன்றுமாகப் பிரிகிறது; நம் கண்ட சாபு தாளமேதான். வால்ட்ஸ் என்ற ஐரோப்பிய நடன இசை போலச் சுழல்கிறது, ஆனால் வால்ட்ஸுக்கு உரிய மூன்றில் நிற்பதில்லை. வால்ட்ஸில் பழகிய காதுக்கு அது இடறும். தாளம் போட்டு வளர்ந்த நமக்குத் தொடையில் கை தானாக விழுகிறது.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான்காம் பகுதியின் தொடக்கத்தை ஸ்வரக் குறிப்போடு வைத்துக்கொண்டு கேட்டேன். இறங்கி வரும் அந்த அழுகை மெட்டை எந்த வயலினும் முழுதாக வாசிக்கவில்லை. ஒரு சுரம் முதல் வயலின் அணி, அடுத்தது இரண்டாம் வயலின் அணி என்று மாறி மாறி வருகிறது. தனியாகக் கேட்டால் இரண்டு பக்கமும் மெட்டே இல்லை, தாவித் தாவிப் போகும் சுரங்கள்தான். அந்தக் காலத்தில் இரு அணிகளும் மேடையில் எதிரெதிரே உட்காருவது வழக்கம். ஆக, மெட்டு மேடைக்கு நடுவே, கேட்பவர் காதில்தான் உருவாகிறது. பின்னால் அதே மெட்டு திரும்பும்போது முதல் வயலின்களிடம் முழுதாகக் கொடுத்துவிடுகிறார். இவ்வளவு கணக்கோடு செய்தவருக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாதா? மங்களம் வேண்டாம் என்பதே என் கட்சி.

செவ்வாய்ப்பேட்டைக்காரர்:

நான் மாமனார் பக்கம். அமெரிக்க நடத்துநர் லியோனார்ட் பெர்ன்ஸ்டைன் 1986இல் நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்குடன் பதிவு செய்ததைக் கேட்டேன். மற்றவர்கள் பத்து நிமிடத்தை ஒட்டி முடிக்கும் கடைசிப் பகுதி அதில் 17 நிமிடத்துக்கு மேல் போகிறது. அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை. இசை மனிதனை அவ்வளவு தூரம் கொண்டுபோனால், திரும்பக் கொண்டுவந்து விடவும் வேண்டும். அதற்குத்தான் நம் பெரியவர்கள் மங்களம் வைத்தார்கள்.

ஏற்காடு பாடகர் குழு:

எங்கள் தேவாலயக் குழுவில் நான் பாஸ், அதாவது ஆண்களின் அடிக்குரல். முதல் பகுதியில், அந்த இடி இறங்கிய சற்று நேரத்தில், ரஷ்யத் திருச்சபை இறந்தவர்களுக்காகப் பாடும் பாட்டு ஒன்றின் மெட்டு பித்தளை வாத்தியங்களில் வந்து போகிறது. தூங்கப் போனவர்களுக்கு இளைப்பாறுதல் கேட்கும் பாட்டு. எனக்கு அந்த இடமே போதும். கடைசியில் வேறு பிரார்த்தனை தேவைப்படவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1893 அக்டோபர் 28 அன்று பீட்டர்ஸ்பர்க்கில் சைக்கோவ்ஸ்கியே நடத்திய முதல் நிகழ்ச்சியில் கேட்டவர்கள் குழம்பித்தான் போனார்கள். ஒன்பதாம் நாள் அவர் இறந்தார். நவம்பரில் நாப்ராவ்னிக் என்ற நடத்துநர் மறுபடி நடத்தியபோது அதே ஊர் நெகிழ்ந்தது. சாவு தெரிந்து எழுதினார் என்ற கதை அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. அதை நான் ஏற்கவில்லை. அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே, எழுதத் தொடங்கிய உற்சாகத்தில், கடைசிப் பகுதி ஆரவாரமாக இராது, நீண்டு மெதுவாகப் போகும் என்று தன் சகோதரியின் மகனான மருமகனுக்குக் கடிதம் போட்டிருக்கிறார். அந்த மருமகனுக்கே இந்தச் சிம்பொனியைக் காணிக்கையும் ஆக்கினார். உங்கள் மாமனாரிடம் இதைச் சொல்லுங்கள் அம்மா. இது அபசகுனம் அல்ல, முடிவெடுத்துச் செய்த வேலை.

ஃபேர்லேண்ட்ஸ் வாசகி, சேலம்:

எல்லோருக்கும் நன்றி. மாமாவுக்கு எல்லாப் பதில்களையும் படித்துக் காட்டினேன். செவ்வாய்ப்பேட்டைக்காரர் எழுதியதைக் கேட்டு, "விவரம் தெரிந்தவர்" என்றார். கண்ட சாபு என்றதும் இரண்டாம் பகுதியைப் போடச் சொல்லி, கடைசி வரை தக தகிட, தக தகிட என்று விடாமல் தாளம் போட்டார். நான்காம் பகுதிக்கு இன்னும் சம்மதம் இல்லை. வயலின்கள் மாறி மாறி வாசிக்கும் இடத்தை மட்டும் கேட்டுப் பார்க்கலாம் என்கிறார். இரு அணியையும் எதிரெதிரே உட்காரவைத்து, அந்தப் பிரிவு தெளிவாகக் கேட்கும் பதிவு எது? யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள். அடுத்த வாரம் மீண்டும் மலைக்குப் போகிறோம்.