சின்ன தொழிலுக்கு வெப்சைட், செலவு கம்மியா பண்ண முடியுமா?

ஊசிநூல்:
வணக்கம், வீட்ல இருந்தே தையல் ஆர்டர் எடுக்குறேன், எல்லாமே வாட்ஸப்லதான் ஓடுது, புதுசா கேக்குறவங்களுக்கெல்லாம் அதே போட்டோ அதே ரேட்டுன்னு திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியிருக்கு, அதான் ஒரு வெப்சைட் வச்சிரலாம்னு பாக்குறேன். விசாரிச்ச எடத்துல டொமைன், ஹோஸ்டிங், எஸ்எஸ்எல், டிசைன்னு மொத்தமா ஒரு பேக்கேஜ் சொல்றாங்க, வருஷா வருஷம் கட்டணுமாம். இதுல எதுக்கு நெஜமாவே காசு குடுத்தாகணும்? கோடிங் தெரியாது, சொல்லிக்குடுத்தா கத்துக்குவேன்.

ராக்கோழி:
அக்கா, உங்க தேவைக்கு கட்டாயச் செலவுன்னா டொமைன், அதாவது சைட்டோட பேரு, அது மட்டும்தான். எஸ்எஸ்எல்னா சைட்டுக்கும் பாக்குறவங்களுக்கும் நடுவுல போற தகவலைப் பூட்டி அனுப்புற பாதுகாப்பு, அதுக்கு தனியா காசு கேட்டா குடுக்காதீங்க, லெட்ஸ் என்க்ரிப்ட்ங்கிற அமைப்பு ஃப்ரீயாவே தருது, பெரும்பாலான ஹோஸ்டிங்ல தானாவே ரினியூ ஆயிரும். போட்டோ, ரேட்டு, தட்டுனா நேரா வாட்ஸப் சாட் திறக்குற ஒரு பட்டன், இதுக்கு ஒரே பக்கம் போதும். ரெடிமேட் டெம்ப்ளேட் எடுத்து எழுத்தையும் படத்தையும் மாத்தி கிட்ஹப் பேஜஸ்ங்கிற சேவையில போட்டுருங்க, ஹோஸ்டிங்கும் (சைட்டை நெட்ல வச்சிருக்குற எடம்) ஃப்ரீ.

பழையசர்வர்:
தம்பி சொன்னதுல ஒண்ணு மட்டும் மாத்திக்கணும். கிட்ஹப் பேஜஸை ஆன்லைன் பிசினஸ் நடத்துறதுக்கு ஓசி ஹோஸ்டிங்கா பயன்படுத்தக்கூடாதுன்னு அவங்க விதியிலயே இருக்கு, அதே மாதிரி ஹோஸ்டிங் தர்ற வெர்செலோட ஃப்ரீ பிளானும் சொந்த உபயோகத்துக்கு மட்டும்தான். கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் இல்லன்னா நெட்லிஃபை பாருங்க.

அதைவிட முக்கியம், டொமைன் உங்க பேர்ல, உங்க மெயில் ஐடியில, உங்க கையாலயே வாங்கணும்மா. பேக்கேஜ்காரங்க அவங்க அக்கவுன்ட்லயே வாங்கி வச்சுக்கிட்டு, அப்புறம் வேற எடத்துக்கு மாறணும்னா டொமைனை மாத்தத் தேவையான டிரான்ஸ்ஃபர் கோடைத் தராம இழுத்தடிப்பாங்க, விசிட்டிங் கார்டு வரைக்கும் அந்தப் பேரு அச்சடிச்சப்புறம் விடவும் முடியாது, அவங்க கேக்குறதைக் குடுத்துட்டு இருக்க வேண்டியதுதான். டாட் காம் மாதிரி டொமைன்லாம் வாங்கி 60 நாளைக்கு பொதுவா வேற கம்பெனிக்கு மாத்த முடியாது, அதனால வாங்குறப்பவே எடம் பாத்து வாங்குங்க. முதல் வருஷ ஆஃபர் ரேட்டைப் பாக்காதீங்க, ரினியூவல் ரேட்டு எவ்ளோன்னு பாருங்க.

ஊசிநூல்:
ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். வீட்டு அட்ரஸ் வெளிய தெரியுமோன்னு ஒரு பயம் இருக்கு, அதுக்கு என்ன பண்றது?

பழையசர்வர்:
டொமைன் வாங்குறப்ப உங்க பேரு, அட்ரஸை வெளிய காட்டாம மறைக்கிற பிரைவசி ஆப்ஷன் ஆன்ல இருக்கான்னு பாருங்க, நெறைய எடத்துல அது ஃப்ரீதான். கூகுள்ல, மேப்ஸ்ல தேடுறவங்களுக்கு உங்க தொழிலைக் காட்டுற கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலும் ஒண்ணு போட்டுருங்க, காசு கிடையாது, அட்ரஸை மறைச்சுட்டு எந்தெந்த ஏரியாவுக்கு வேலை எடுக்குறீங்கன்னு மட்டும் காட்டலாம். ஆனா அதுலயே வெப்சைட்டும் கிடைக்கும்னு யாராவது சொன்னா நம்பிராதீங்க, அந்த வசதியை 2024 மார்ச்ல நிறுத்திட்டாங்க.

ராக்கோழி:
கிட்ஹப் விதி எனக்குத் தெரியாது அண்ணா, நல்லவேளை சொன்னீங்க. அக்கா, போட்டோவை போன்ல எடுத்த சைஸ்லயே ஏத்தாதீங்க, சுருக்கி வெப்பி (WebP) ஃபார்மட்ல போடுங்க, இல்லன்னா சைட் திறக்கவே லேட்டாகும். டெம்ப்ளேட் மாத்துறப்ப எங்கயாவது நின்னுச்சுன்னா ஸ்க்ரீன்ஷாட் போடுங்க, பாத்து சொல்றேன்.