நாய்க்குட்டியின் 'ஏனல் கிளாண்ட்': சுரப்பி என்பதா, பை என்பதா?

பொருள்: சொல் வேண்டும் (நாய், மலவாய், அந்த இரண்டு பைகள்)

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நாய் வளர்ப்போருக்காக ஒரு கையேட்டுப் பக்கம் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். குட்டி நாய்க்குப் பின்பக்கப் பைகள் திரும்பத் திரும்ப அடைத்துக்கொண்டால் சாப்பாட்டில் என்ன மாற்றலாம் என்பதுதான் விஷயம். இரண்டு பத்தி தாண்டுவதற்குள் சொல் இல்லாமல் நின்றுவிட்டேன். கிளினிக்கில் எல்லாரும் "கிளாண்ட் ஃபுல் ஆயிடுச்சு, எக்ஸ்பிரஸ் பண்ணணும்" என்றுதான் பேசுகிறார்கள், வீட்டுக்காரரும் அதையே பிடித்துக்கொள்கிறார். எழுத்தில் அது நன்றாக இல்லை. குதச் சுரப்பி, ஆசனவாய்ச் சுரப்பி, மலவாய்ச் சுரப்பி என்று ஆளுக்கொன்று எழுதுகிறார்கள். பேசாமல் மலவாய்ச் சுரப்பி என்று போட்டுவிடலாமா? கூடவே இந்த நான்குக்கும் சொல் வேண்டும்: பை அடைத்துக்கொள்வது, அதைக் கையால் அழுத்தி வெளியேற்றுவது, நாய் பின்பக்கத்தைத் தரையில் தேய்த்துக்கொண்டே போவது, அப்புறம் நார்ச்சத்தில் தண்ணீரில் கரைவது, கரையாதது என்ற இரண்டு வகை.

---

மறுமொழி:

> பேசாமல் மலவாய்ச் சுரப்பி என்று போட்டுவிடலாமா?

வேண்டாம் தம்பி. கால்நடை மருத்துவமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன், சுரப்பி என்று நீங்கள் எழுதியதுமே நாய்க்காரர் அதற்கு என்ன மாத்திரை என்று கேட்பார். தமிழில் பள்ளிக்கூடம் படித்தவர்களுக்குச் சுரப்பி என்றால் முதலில் வருவது நாளமில்லாச் சுரப்பிதான். தைராய்டு, பிட்யூட்டரி, ஹார்மோன் என்று மனசு அந்தப் பக்கம் ஓடிவிடும். இங்கே ஹார்மோன் கோளாறு ஒன்றும் கிடையாது. ஒரு பை, அதற்கு மெல்லிய ஒரு நாளம். நாளத்தின் வாய் அடைத்துக்கொண்டது, அல்லது பையை அழுத்தும் அளவுக்கு மலம் கெட்டியாக வரவில்லை. பெரும்பாலும் இவ்வளவுதான்.

உடற்கூறையும் சொல்லிவிடுகிறேன், பிறகு சொல் தானாக வரும். வாலைத் தூக்கி மலவாயைக் கடிகாரமாக வைத்துப் பார்த்தால் ஏறக்குறைய 4 மணிக்கும் 8 மணிக்கும் நேராக, தோலுக்கு அடியில், உட்சுருக்குத் தசைக்கும் வெளிச்சுருக்குத் தசைக்கும் நடுவே பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பைகள் இருக்கும். சுரப்பிகள் இருப்பது அந்தப் பையின் சுவரில். அவற்றின் கசிவும் உதிர்ந்த செல்களும் பைக்குள் சேரும். மலம் கெட்டியாகவும் பருமனாகவும் வெளியேறும்போது பை நசுங்கி, உள்ளே இருப்பதில் கொஞ்சம் கூடவே வெளியே வந்துவிடும். குட்டிக்கு மலம் அடிக்கடி இளகிப் போனால் இந்த அழுத்தம் கிடைப்பதில்லை. நீர்த்துக் கிடந்தது தேங்கித் தேங்கிக் களிம்பாகும், நாளத்தில் இறங்காது. அப்புறம் அழற்சி, சீழ், கவனிக்காமல் விட்டால் தோலைத் துளைத்துக்கொண்டு மலவாய்க்குப் பக்கத்தில் ஓர் ஓட்டை. சாப்பாட்டை மாற்றினால் ஏன் குணம் தெரிகிறது என்பதற்கு விளக்கமே இதில்தான் இருக்கிறது. பை என்று எழுதினால் அது வாசிப்பவருக்குப் புரியும், சுரப்பி என்று எழுதினால் தனியாக ஒரு பத்தி விளக்கம் கொடுக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்று. நாயின் மலவாய்ப் பக்கம் மூன்று விதச் சுரப்பிகள் உண்டு: பைச்சுவரில் இருப்பவை, மலவாயின் உட்புறச் சவ்வில் தனியாக இருப்பவை, மலவாயைச் சுற்றித் தோலில் இருப்பவை. முறைப்படி பார்த்தால் மலவாய்ச் சுரப்பி என்ற பெயர் நடுவில் சொன்னதற்குத்தான் போக வேண்டும். மூன்றாவது வகையில்தான் விதை நீக்காத வயதான ஆண் நாய்களுக்குக் கட்டி வருவது. ஆங்கிலக்காரர்கள் வாசலில் நின்று பேசும்போது கிளாண்ட் என்பார்கள், புத்தகம் எழுதும்போது சாக், அதாவது பை என்பார்கள். அந்தக் குழப்பத்தை நாம் எதற்கு விலைக்கு வாங்க வேண்டும்?

என் ஓட்டு மலவாய்ப் பை. அடைத்துக்கொள்வதற்குக் 'கட்டு' என்று வைக்கலாம், தாய்க்குப் பால் கட்டிக்கொள்கிறது என்று சொல்வதில்லையா, அந்தக் கட்டு. வெளியேற்றுவதற்குப் பிதுக்கல். பிழிதல் வேண்டவே வேண்டாம், படித்துவிட்டு யாராவது துணி பிழிகிற மாதிரி பிழிந்துவைப்பார்கள்.

---

மறுமொழி:

வணக்கம், யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன்.

டாக்டர் ஐயா சொன்ன பை சரி, சுரப்பி வேண்டாம் என்பதும் சரி. எங்கள் பாடப் புத்தகத்தில் குதம் என்றுதான் படித்தோம், ஆனால் மலவாய் என்று எழுதினாலும் எங்களுக்கு விளங்கும். எனக்குச் சங்கடம் மலவாய்ப் பையில் வருகிறது. அதைக் கேட்கிற ஆள் மலம் நிற்கிற பை என்றுதான் நினைப்பார். குடல் அறுவை செய்து வயிற்றில் பை வைத்தவர்களின் வீட்டில் அதைச் சுருக்கமாக மலப்பை என்று சொல்வதும் உண்டு. குதப்பை என்றாலும் இதே கதைதான். இடத்தை வைத்துப் பெயர் வைப்பதை விட உள்ளே என்ன இருக்கிறது என்பதை வைத்துப் பார்க்கலாமே?

கட்டு பற்றியும் ஒரு சொல். அடுத்த வரியில் சீழ்க்கட்டி வரப்போகிறது. கட்டு, கட்டி இரண்டும் பக்கத்தில் நின்றால் அவசரத்தில் வாசிக்கிறவர் மாறி எடுப்பார்.

பின்பக்கத்தைத் தேய்ப்பதற்கு எங்களிடம் அரக்குதல் இருக்கிறது. "கொஞ்சம் அரக்கி இருங்கோ" என்று பஸ்ஸில் சொல்வோம், எழும்பாமல் இருந்தபடியே நகர்வது. நாய் செய்வதும் அதுதான்.

இன்னொன்று, சொல் ஆராய்ச்சி அல்ல, சாப்பாட்டு விஷயம். கையேட்டில் வெறுமனே பூசணி என்று போட்டுவிடாதீர்கள். நீங்கள் பரங்கி என்பதுதான் எங்களுக்குப் பூசணி, நீங்கள் வெள்ளைப் பூசணி என்பது எங்களுக்கு நீற்றுப்பூசணி. நிறத்தையும் சேர்த்து எழுதினால் நல்லது.

---

மறுமொழி:

இருவருக்கும் நன்றி. உள்ளே இருப்பதை வைத்துப் பெயர் என்றதும் யோசித்துப் பார்த்தேன், உள்ளே இருப்பது நாற்றம்தான். அது அங்கே இருப்பதன் வேலையும் வாசனை காட்டுவதுதான், ஒரு நாய் இன்னொரு நாயின் பின்னால் போய் மோந்து பார்ப்பதில் பாதி விஷயம் இதில் இருக்கிறது. தனிமடலில் ஒரு நண்பர் புனுகுப்பை என்று எழுதினார். புனுகு வருவது புனுகுப்பூனையின் வேறு சுரப்பியிலிருந்து, பிறப்புறுப்புக்கு அருகில் உள்ளது அது; போக, சாமிக்குச் சாத்துகிற பொருளின் பெயரை இதற்கு வைத்தால், நாய் சோபாவில் உட்கார்ந்து எழுந்த இடத்தை ஒருமுறை மோந்தவர்கூட நம்மை மன்னிக்க மாட்டார். கவிச்சிப்பை, வீச்சப்பை என்றும் பார்த்தேன். மீன்வாடை அடிக்கும் என்பது உண்மைதான், ஆனால் அந்த இரண்டும் கெட்டுப்போனதைச் சொல்கிற சொற்கள், பையோ ஆரோக்கியமான நாய்க்கும் உண்டு.

எனவே என் பரிந்துரை: நெடிப்பை. நெடி என்றால் மூக்கில் ஏறுகிற வாடை, நல்லது கெட்டது என்று இல்லை. பூனைக்கும் இந்தப் பை உண்டு, ஸ்கங்க் என்ற அமெரிக்க விலங்கு எதிரியின் மேல் பீய்ச்சுவதும் இதிலிருந்துதான், எல்லாவற்றுக்கும் ஒரே சொல் போதும். முதல் தடவை மட்டும் மலவாய் நெடிப்பை என்று முழுசாக எழுதிவிட்டு அப்புறம் நெடிப்பை. அடைப்புக்கு நெடிப்பைத் தேக்கம், வீங்கிச் சிவந்தால் நெடிப்பை அழற்சி, சீழ் பிடித்தால் நெடிப்பைச் சீழ்க்கட்டி. கட்டு போயிற்று, யாழ்ப்பாணத்து அம்மா சொன்ன காரணத்துக்காகத்தான். அரக்குதல் எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது, தமிழ்நாட்டு வாசகருக்கு முதல் முறை "தரையில் அரக்கித் தேய்த்தல்" என்று எழுதினால் பிடித்துக்கொள்வார்கள்.

உணவுப் பகுதியில் மூன்று சொற்கள் வைத்திருக்கிறேன். மலம் எவ்வளவு கெட்டி, எவ்வளவு இளக்கம் என்பதற்கு மலப்பதம். மருத்துவர்கள் 1 முதல் 7 வரை எண் போட்டு ஓர் அட்டவணை வைத்திருக்கிறார்களே, 1 காய்ந்த உருண்டை, 7 தண்ணீர், 2 தான் வேண்டியது, அதை மலப்பத எண் என்று சொல்லலாம். ஒவ்வாமையைக் கண்டுபிடிக்க வாரக்கணக்கில் ஒரே புரதம் கொடுத்துப் பார்ப்பதற்கு விலக்குப் பத்தியம். கரையும் நார், கரையா நார் என்ற பழைய ஜோடி எனக்கு ஒட்டவில்லை. கரையும் என்றால் கரைந்து காணாமல் போய்விடும் என்று தோன்றுகிறது, இசப்கோல் உமியைத் தண்ணீரில் போட்டால் அது கொழகொழவென்று ஊதி நிற்கிறது. கூழ்நார், சக்கைநார் என்று மாற்றலாமா?

கையேட்டில் இப்போதைக்கு எழுதியிருப்பது: பால், பால்சாதம், மேரி பிஸ்கட் நிறுத்தவும், வேகவைத்த மஞ்சள் பரங்கி ஒரு ஸ்பூன் தினமும், கோழியும் சோறும் மட்டும் கொடுக்கவும். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

---

மறுமொழி:

> கூழ்நார், சக்கைநார் என்று மாற்றலாமா?

கூடாது. நெடிப்பைக்குச் சரி, ஏனென்றால் அங்கே நிலைத்த சொல் இல்லை. கரையும் நார்ச்சத்து என்பது சர்க்கரை நோயாளிகளுக்கான கட்டுரையிலிருந்து ஓட்ஸ் பாக்கெட் வரை வந்துவிட்டது, அதைக் கலைத்தால் வாசகர் மற்ற இடங்களில் படிப்பதோடு இதைச் சேர்த்துப் பார்க்க முடியாது. வேண்டுமானால் "தண்ணீரில் கூழாகும்" என்று ஒரு வரி விளக்கம் சேருங்கள். மலப்பதமும் விலக்குப் பத்தியமும் அருமை, அதிலும் பத்தியம் என்றால் ஒரு வாய் கூட மாற்றிக் கொடுக்கக் கூடாது என்பது நம் ஆட்களுக்குச் சொல்லாமலே தெரியும். ஆங்கிலத்தில் எத்தனை முறை சொன்னாலும் "ஒரே ஒரு பிஸ்கட்தான் டாக்டர்" என்று வந்து நிற்பார்கள். குறைந்தது 8 வாரம் என்று எழுதுங்கள். நாய்களுக்கு அதிகம் ஒத்துக்கொள்ளாதவை மாட்டிறைச்சி, பால் பொருள்கள், கோழி, கோதுமை. அதனால் குட்டி இதுவரை சாப்பிடாத புரதமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் சிறு துணுக்குகளாகப் பகுத்த புரதத் தீவனம்.

இப்போது உங்கள் கையேட்டுக்கு வருவோம். கோழியும் சோறும் மட்டும் என்பதை உடனே எடுங்கள். வயிற்றுப்போக்குக்கு இரண்டு மூன்று நாள் கொடுப்பது வேறு, வளரும் குட்டிக்கு அதையே மாதக்கணக்கில் கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து போதாமல் எலும்பு மெலிந்து கால் வளையும், உடையவும் செய்யும். குட்டிகளுக்கான முழுச்சத்துத் தீவனம் அடிப்படையாக இருக்கட்டும், நாரை அதன் மேல் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். வளர்ந்த நாய்க்கு விற்கிற எடைக்குறைப்புத் தீவனத்தில் நார் அதிகம் என்று அதைக் குட்டிக்கு வாங்கிப் போடுகிறவர்களும் உண்டு. குட்டியின் வயிறு சின்னது, நாரால் நிரம்பிவிட்டால் வளர்ச்சிக்கு வேண்டிய சத்து எங்கே போகும்?

பரங்கி கொடுக்கலாம், தப்பில்லை, ஆனால் அதை மந்திரமாக எழுத வேண்டாம். வேகவைத்த பரங்கியில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், 100 கிராமுக்கு நார் ஏறக்குறைய 1 கிராம்தான். ஒரு ஸ்பூனில் என்ன கிடைத்துவிடும்? இசப்கோல் உமியில் பெரும்பகுதி நார்தான், கால் டீஸ்பூனே சின்னக் குட்டிக்கு வேலை செய்யும், ஆனால் நன்றாக ஊறவைத்துத்தான் கொடுக்க வேண்டும், காய்ந்த பொடியைத் தூவக் கூடாது. அளவை மருத்துவரிடம் எடை சொல்லிக் கேட்டுக்கொள்ளட்டும். எந்த மாற்றமும் 7 முதல் 10 நாளில் படிப்படியாக, இல்லாவிட்டால் மாற்றமே மலத்தை இளக்கிவிடும், நாம் தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்வோம். மலம் கெட்டிப்பட எலும்பு கொடு என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். வெந்த எலும்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும், எழுதுங்கள். மிச்ச சாம்பாரும் குருமாவும் கூடாது, வெங்காயமும் பூண்டும் நாய்க்கு விஷம்.

உணவுக்கு முன்னால் ஒரு வரி இருக்க வேண்டும், நீங்கள் விட்டது அது. குட்டி அரக்கினால் நெடிப்பைதான் என்று முடிவு கட்டக் கூடாது. நாடாப்புழு இருந்தாலும் அரக்கும். மலவாய் ஓரத்தில், படுக்கையில் அரிசி மாதிரி துணுக்குகள் தெரிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், தெள்ளுப்பூச்சியை ஒழிக்காமல் புழு மருந்து மட்டும் கொடுத்தால், அந்தப் பூச்சி வழியாகவே புழு திரும்ப வரும். மலம் வாரக்கணக்கில் இளகியே இருந்தால் முதலில் மலப் பரிசோதனை, அப்புறம்தான் நார்.

பிதுக்கல் பற்றி: மாதாமாதம் குளிப்பாட்டும் கடையில் சும்மாவே பிதுக்கிவிடுகிறார்கள். நிரம்பாத பையை அழுத்திக்கொண்டே இருந்தால் அதுவே புண்ணாக்கும். தேக்கம் இருந்தால் மட்டும், தெரிந்தவர் கையால். இரத்தம், சீழ், காய்ச்சல், ஒரு பக்கம் மட்டும் சிவந்த வீக்கம், இதில் எது இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி, அந்த நிலையில் பத்தியம் எதுவும் உதவாது. அறுவை செய்து பையை எடுப்பது கடைசி வழி, அருகில் ஓடும் நரம்பு பட்டால் நாய்க்கு மலத்தை அடக்க முடியாமல் போகும் ஆபத்து உண்டு என்பதால் அவசரப்படக் கூடாது.

அறுவைக்கு என்ன சொல் போடப்போகிறீர்கள்? நெடிப்பை நீக்கம் போதும் என்று நினைக்கிறேன், 'அறுவைசிகிச்சை'யை வாலாகச் சேர்த்து நீட்ட வேண்டாம்.

---

மறுமொழி:

நெடிப்பை நீக்கம் சரி ஐயா. புழு வரியை மேலே ஏற்றிவிட்டேன், கோழிச்சோற்றை எடுத்துவிட்டேன், பரங்கிக்குப் பக்கத்தில் மஞ்சள், இலங்கையில் பூசணி என்று சேர்த்திருக்கிறேன். தெள்ளுப்பூச்சிக்கு யாழ்ப்பாணத்தில் வேறு சொல் புழங்கினால் அம்மா சொல்லுங்கள், இங்கே பாதிப்பேர் அதையும் உண்ணி என்றே சொல்கிறார்கள்.