ஈப்போ பரிசம்: வேன் விசயம்

அம்மா: ஞாயிறு ஈப்போவுக்கு சின்னவன் வேன்தானே? 11 பேர் ஆச்சு. காலையில 6 மணிக்குக் கிளம்பணும்.

சின்ன மாமா: வேன் நாளைக்கு பெங்கெல்ல, அதான் வண்டி பட்டறையில, நிக்கும்க்கா. சனி சாயந்தரம் எடுத்துரலாம்.

சித்தி: என்னாச்சு வேனுக்கு?

சின்ன மாமா: ஒன்னுமில்ல. ரேடியேட்டர் ஓஸ்ல செம்புக் குழாயைச் சுத்தி அது வழியா டீசலை விடுவாங்களாம். சூடான டீசல் நல்லா எரியும், எண்ணெய் மிச்சம். 380 மலேசிய வெள்ளி.

தம்பி: வேணாம் லா மாமா

சின்ன மாமா: 2024 ஜூன்ல டீசல் லிட்டர் 2.15 வெள்ளி ஒரே ராத்திரியில 3.35 ஆச்சு. பள்ளிக்கூட டிரிப் ஓட்டுறவனுக்குத்தான் வலி தெரியும்.

சித்தி: பரிசத் தட்டு 11ஆ 13ஆ?

பெரிய மாமா: டேய் சின்னவனே, அந்தக் குழாயை மாட்டாதே. பொறுமையா படி. கப்பல்ல எண்ணெயைச் சூடாக்குவோம்னு நான்தான் உன்கிட்ட சொல்லியிருக்கேன். அது கனத்த எண்ணெய், ஆறுனா தார் மாதிரி நிக்கும். 130 டிகிரி பக்கம் ஏத்துனாத்தான் எஞ்சினுக்குள்ள சரியாத் தெளிக்கும். அதே எஞ்சினை டீசலுக்கு மாத்துறப்போ சூடாக்குற ஆவி வால்வை மூடிருவோம். நிமிசத்துக்கு 2 டிகிரிக்கு மேல மாறவே விடமாட்டோம். டீசலைக் குளிர வைக்கவே சில கப்பல்ல தனி மெசின் இருக்கு. ஏன்னா பம்ப்புக்கு டீசல்தான் மசகு. பிளஞ்சர்னு பம்ப் உள்ள ஏறி இறங்குற தண்டுக்கும் அது ஓடுற கூட்டுக்கும் நடுவுல தலைமுடி நுழையாது. சூட்டுல டீசல் தண்ணி மாதிரி இளகிப் போச்சுன்னா இரும்பும் இரும்பும் உரசும்.

சித்தி: ஒரே மூச்சுலயாண்ணே

சின்ன மாமா: மாட்டுனவரு மிச்சம் ஆவுதுன்னு சொல்றாரு.

பெரிய மாமா: 50 டிகிரி சூடு ஏறுனா டீசல் 4 விழுக்காடு விரியும். பம்ப் அளந்து விடுறது கொள்ளளவைத்தான், எடையை இல்ல. அப்ப ஒவ்வொரு தடவையும் எண்ணெய் கொறச்சலா போவும், இழுவையும் கொறயும். அதைத்தான் மிச்சம்னு நெனைக்கிறாரு. சிலிண்டர்ல அமுங்குற காத்தே 500 டிகிரிக்கு மேல, நீ வெளிய ஏத்துற சூடு அங்க எம்மாத்திரம்? குளிர் நாட்டுல டீசல்ல மெழுகு உறையும், அதுக்கு ஹீட்டர் வெக்கிறாங்க. நம்ம பட்டர்வொர்த்து வெயில்ல என்ன உறையுது? இன்னொன்னு, நம்ம டீசல்ல ஒரு பங்கு செம்பனை எண்ணெயில, அதான் பாமாயில்ல, செஞ்சது. செம்பு பட்டா சீக்கிரம் கெட்டுப் பிசினாகி பில்ட்டரை அடைக்கும்.

சின்ன மாமா: கப்பல் வேற, ரோட்டு வண்டி வேற. அப்பா லோரியை 9 வருசம் ஓட்டுனது நான்.

அம்மா: ஆரம்பிக்காதீங்க

சின்ன மாமா: அவரு ஆஸ்பத்திரியில கிடந்தப்போ அதை வித்துப் பணம் கட்டுனதும் நான்.

பெரிய மாமா: ஆமாடா. நான் அப்ப கடல்ல இருந்தேன். மறக்கல. சனி காலையில பிறைக்கு வரேன். டீசல் பில்ட்டரும் காத்து பில்ட்டரும் நான் வாங்கிட்டு வரேன், ரெண்டு பேரும் மாத்துவோம். டயர் காத்தும் பாத்துரலாம்.

சின்ன மாமி: மாமா, இவரு 100 வெள்ளி முன்பணம் கொடுத்துட்டாரு.

அம்மா: எண்ணெய் மாத்துறதுல கழிச்சுக்கச் சொல்லு.

சித்தி: நான் லெபோ பசார் பூக்கடையில இருக்கேன். மல்லி எத்தனை முழம்?

தம்பி: ஈடிஎஸ் ரயில் டிக்கெட் பாக்கவா?

சின்ன மாமா: வேன் வரும்டா.

அம்மா: குழாயோடவா?

சின்ன மாமா: அண்ணன் வரட்டும், பாக்கலாம்.

பெரிய மாமா: 7 மணிக்கு வரேன். பசியாறாம இரு, வாங்கிட்டு வரேன்.

சித்தி: 13 தட்டுக்குப் பூ சொல்லிட்டேன்.

அம்மா: 11னுதானே பேசுனோம்?