வெயிலில் நிற்கும் விமானங்கள்: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

பள்ளத்தூர் பையன்:

போன மாதம் மதுரைப் பக்கம் ஒரு கல்லூரிக்குப் போயிருந்தேன், பெயர் வேண்டாம். வாசலில் சிமென்ட் மேடை போட்டு ஒரு பழைய போர் விமானத்தை நிறுத்தியிருக்கிறார்கள். கிட்டப் போய்ப் பார்த்தால் மனசு கஷ்டமாகிவிட்டது. விமானி உட்காரும் இடத்து மூடி வெளுத்துப் போய், உள்ளே ஒன்றும் தெரியவில்லை. எஞ்சின் வாயில் மைனா கூடு. கொடிக்கம்பத்துக்கு அடித்த அதே சில்வர் பெயின்ட்டை இதற்கும் அடித்து, ரிவெட் தலையெல்லாம் மூழ்கிக் கிடக்கிறது. என்ன ரகம், எங்கே பறந்தது என்று ஒரு பலகைகூட இல்லை. வாட்ச்மேன் அண்ணனைக் கேட்டேன். "அது ராக்கெட்டு தம்பி" என்றார்.

நல்லபடியாக வைத்திருக்கும் விமானங்களைப் பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? லீவுக்குப் போகலாம் என்று இருக்கிறேன்.

தேவகோட்டை ஆச்சி:

டெல்லி போனால் பாலம் என்கிற இடத்தில் இருக்கிற விமானப்படை அருங்காட்சியகத்துக்குப் போங்கள் தம்பி. பேரன் இழுத்துக்கொண்டு போனதால் போனேன். அப்புறம் நான்தான் கிளம்ப மாட்டேன் என்றேன்.

எங்கள் ஐயா ரங்கூனில் பெட்டியடியில் இருந்தவர். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பான்காரன் குண்டு போட்டபோது ஊரே தெருவுக்கு வந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றதாம். வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான் நிறையப் பேர் செத்தார்கள் என்று சொல்வார். பிறகு நடந்தே ஊர் வந்து சேர்ந்தார்.

அந்த அருங்காட்சியகத்தில் லைசாண்டர் என்று ஒரு விமானம் இருக்கிறது. இறக்கை விமானியின் தலைக்கு மேலே இருக்கும், சக்கரத்துக்குப் பெரிய உறை போட்டிருக்கும். 1942 பிப்ரவரியில் நம் விமானப்படையின் முதல் படைப்பிரிவு பர்மாவுக்குப் போனது இந்த ரகத்தில்தானாம். தரைப்படைக்கு வேவு பார்த்துச் சொல்லச் செய்த விமானம் அது, குண்டு போடுவதற்கு இல்லை. அதிலேயே குண்டை மாட்டிக்கொண்டு போய் ஜப்பான்காரனின் தளத்தில் போட்டிருக்கிறார்கள். இவ்வளவு சின்னதை வைத்துக்கொண்டா சண்டை போட்டார்கள் என்று இருந்தது எனக்கு. ஐயா இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

அங்கேயே வாபிட்டி என்று ஒன்றும் உண்டு. விமானப்படை தொடங்கியபோது இருந்த முதல் ரகம். உலகத்திலேயே மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான் என்றார்கள். பேரன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, மிக் போர் விமானங்கள் பக்கம் ஓடிவிட்டான்.

பழைய சிக்ரிக்காரன், காரைக்குடி:

எனக்கு விமானம் பற்றிப் பெரிதாகத் தெரியாது, உலோகம் அரிப்பது தெரியும். சிக்ரியில், அதாவது இங்கே உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில், அரிமானப் பிரிவில் வேலை பார்த்தவன். மண்டபத்தில் கடலைப் பார்த்தபடி தகடுகளைக் கட்டிவைத்து, வெயிலும் உப்புக்காற்றும் அவற்றை என்ன செய்கின்றன என்று பார்த்துக் குறிப்பதுதான் பிழைப்பு. அதனால் எந்த விமானத்தைக் கண்டாலும் முதலில் குனிந்து வயிற்றுப் பக்கம்தான் பார்ப்பேன். வீட்டில் திட்டு விழும்.

அலுமினியத்துக்கு ஒன்றும் ஆகாது என்று பலர் நினைக்கிறார்கள். சுத்தமான அலுமினியம் ஓரளவு தாங்கும், சரி. விமானத்துக்கு அந்த வலு போதாது, செம்பு கலப்பார்கள். செம்பு சேர்ந்தாலே அரிப்புக்கு வழி திறந்துவிடும். அதற்காகத் தகட்டின் இரண்டு முகத்திலும் சுத்த அலுமினியத்தை மெல்லிசாகச் சேர்த்து உருட்டியிருப்பார்கள். பளபளப்பாக்குகிறேன் பேர்வழி என்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் முதலில் போவது அந்தத் தோல்தான். அதன் பிறகு, முக்கியமாகத் தடித்த பாகங்களில், உலோகம் ஏடு ஏடாகப் பிரிந்து உப்பும். பேக்கரி பப்ஸைப் பிய்த்துப் பாருங்கள், அப்படி இருக்கும். மேலே பெயின்ட் கனமாக இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. எஃகு போல்ட் அலுமினியத்தைத் தொடும் இடத்தில் தண்ணீர் தங்கினால் இன்னும் மோசம், போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி கொட்டும். பழைய சக்கரங்கள் பல மக்னீசியக் கலவை. அவை மற்றதற்கெல்லாம் முந்திக்கொண்டு போகும்.

நான் ஆற அமரப் பார்த்தது விசாகப்பட்டினத்தில் உள்ள டியூ-142, கடற்படையின் ரோந்து விமானம். நம்ம அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளத்தில் இருந்தது. 29 வருஷம், 30,000 மணி நேரம், ஒரு விபத்து இல்லை என்று பெயர் வாங்கிய ரகம். 2017 மார்ச்சில் ஓய்வு கொடுத்தார்கள். விசாகப்பட்டினம் வரை பறந்தே போய், அங்கே பிரிக்கப்பட்டு, கடற்கரைச் சாலையில் மறுபடி பூட்டப்பட்டு, டிசம்பரில் திறப்பு விழா. உள்ளே ஏறியே பார்க்கலாம். கருவிகள், ஆள் உட்காரும் இடங்கள் எல்லாம் பார்த்துக்கொண்டே நடக்கலாம், பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் இறக்கை முனைக்கு முனை 50 மீட்டர் உள்ள ஒன்றை எந்தக் கூரைக்குள் வைப்பது? அலைச்சத்தம் கேட்கும் தூரத்தில் அலுமினியம் நிற்கிறது என்றாலே எனக்குக் கை பரபரக்கும். தண்ணீர் விட்டு உப்பைக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், வேறு வழி இல்லை.

கோவா கடற்படை விமான அருங்காட்சியகத்தில் சூப்பர் கான்ஸ்டலேஷன் நிற்கிறது. வாலில் மூன்று துடுப்பு, அழகான உடம்பு. அதுவும் திறந்தவெளியில்தான், கோவா மழையில். அங்கே வேம்பயரையும் பாருங்கள். ஜெட் விமானம்தான், ஆனால் முன் உடம்பு மரம்! இரண்டு பக்கமும் பிளைவுட், நடுவில் பால்சா. பர்மாத் தேக்கிலேயே வளர்ந்த நம் ஆட்களுக்கு இது நம்ப முடியாது, பால்சா நகம் பட்டாலே பதியும். ஈரமும் கரையானும் அதை என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை.

என் கருத்து இதுதான்: கூரை போட முடியாதவர்கள் விமானத்தைக் கேட்டு வாங்கக் கூடாது.

கானாடுகாத்தான்:

அண்ணே, இதை நான் ஒப்ப மாட்டேன். கூரை இருந்தால்தான் என்று நின்றால் நம் பக்கத்துப் பிள்ளைகள் விமானத்தைத் தொட்டுப் பார்ப்பது எப்போது? ராமேஸ்வரத்திலிருந்து போன கலாம், சென்னை எம்.ஐ.டி.யில் காட்சிக்கு வைத்திருந்த இரண்டு பழைய விமானங்களைப் பார்த்து மயங்கித்தான் விமானப் பொறியியல் எடுத்தார். அவரே சொன்னது.

நம் ஊரிலேயே செட்டிநாடு ஓடுதளம் கிடக்கிறதே. உலகப் போர் சமயத்தில் போட்டது, இன்றைக்கும் தளம் அங்கங்கே உருப்படியாக இருக்கிறது. நான் போனபோது மாடுகள்தான் குறுக்கே வந்தன. அழகப்பச் செட்டியார் லண்டன் பக்கம் கிராய்டனில் விமானம் ஓட்டிச் சான்றிதழ் வாங்கியவர், ஜூபிடர் ஏர்வேஸ் நடத்தியவர். அப்படிப்பட்டவர் ஊரில் காட்சிக்கு ஒரு பழைய டகோட்டா விமானம் இல்லை என்பது எனக்குக் குறைதான்.

கெட்டுப்போனது திரும்பாது என்றும் இல்லை. போர் முடிந்ததும் கான்பூரில் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களை யாரும் பறக்கவிடக் கூடாது என்று வேண்டுமென்றே உடைத்துப் போட்டுவிட்டுப் போனார்கள். பெங்களூர் விமானத் தொழிற்சாலையான எச்.ஏ.எல். ஆட்கள் அதிலிருந்து 40-க்கு மேல் தேற்றி, பறக்கவைத்து, பெங்களூருக்குக் கொண்டுபோனார்கள். 1968 வரை விமானப்படையில் ஓடியது. இன்று பிரிட்டன், அமெரிக்கா, கனடா அருங்காட்சியகங்களில் இருக்கிற லிபரேட்டர்களில் சில நம்மிடமிருந்து போனவை. 2018-ல் வந்த 'பரசுராமா' டகோட்டாவும் அப்படித்தான், அயர்லாந்தில் காயலான் கடைக்குப் போகவிருந்தது. பிரிட்டனில் பழுது பார்த்து இந்தியா வரைக்கும் பறந்தே வந்தது.

பழைய சிக்ரிக்காரன், காரைக்குடி:

அது பறப்பதற்காகத் தேற்றியது, அதற்குப் பின்னால் எவ்வளவு பணமும் ஆளும்! வாசலில் நிறுத்திய விமானத்துக்கு வருஷத்துக்கு ஒரு டப்பா பெயின்ட்தானே.

இருந்தாலும் பள்ளத்தூர் தம்பிக்காகச் சொல்கிறேன். அந்தக் கல்லூரியில் யாரையாவது தெரிந்தால் முதலில் மைனா கூட்டை எடுக்கச் சொல்லுங்கள், குஞ்சு இல்லாத சமயமாகப் பார்த்து. எச்சமும் வைக்கோலும் ஈரத்தைப் பிடித்துவைக்கும். வயிற்றுப் பக்கம் சின்னச் சின்ன வடிகால் துளைகள் இருக்கும், பெயின்ட் அடைத்திருந்தால் குத்தித் திறக்க வேண்டும். எடை சக்கரத்தில் இல்லாமல் ஸ்டாண்டில் நிற்கட்டும். தகரக் கொட்டகை போட்டால்கூடப் போதும், பக்கச்சுவர் வேண்டாம், காற்று ஓடட்டும். பழைய கருவிகளின் முள்ளில் ரேடியம் பூசியிருக்கலாம். விமானி மூடியைத் திறந்து ஆளாளுக்குக் கழற்ற விடாதீர்கள்.

அப்புறம் வாலுக்குப் பக்கத்தில் எண் இருக்கிறதா பாருங்கள். பெயின்ட்டுக்கு அடியில் இருந்தாலும் சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது தடம் தெரியும். போட்டோ போட்டால் எந்தப் படைப்பிரிவு என்று தேடிப் பார்ப்போம்.

தேவகோட்டை ஆச்சி:

தெரிந்ததும் ஒரு பலகை எழுதி வைக்கச் சொல்லுங்கள் தம்பி. செலவு நான் தருகிறேன்.