களைக்கொல்லி எச்சம்: ‘சிதைவு’ என்ற ஒரு சொல் போதுமா?

காட்பாடியிலிருந்து:
வணக்கம். வேளாண் பட்டய மாணவர்களுக்கான களை மேலாண்மைக் குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘டிகிரடேஷன்’ (மருந்தின் மூலக்கூறு உடைவது), ‘டிசிபேஷன்’ (எந்த வழியிலாவது மருந்தின் அளவு குறைவது) இரண்டுக்கும் சிதைவு என்றே எழுதி வருகிறோம். வயலில் தெளித்த 2,4-டி என்ற களைக்கொல்லியை நுண்ணுயிர்கள் சில வாரங்களில் பெரும்பாலும் உடைத்துவிடும், அது சிதைவு. கரும்புக்கு அடித்த அட்ரசின் என்ற களைக்கொல்லியில் ஒரு பங்கு மழைநீரோடு இறங்கிப் பாலாற்றங்கரைக் கிணற்றுக்குப் போய்ச் சேரலாம். மண்ணில் குறைந்தது, ஆனால் சிதையவில்லை. இதற்கு என்ன சொல்?

குடியாத்தத்திலிருந்து:
‘தீர்வு’ என்று வையுங்கள் அம்மா. ‘தீர்தலும் தீர்த்தலும் விடற்பொருட்டாகும்’ என்பது தொல்காப்பியம், உரியியல். விட்டு நீங்குவதுதான் அடிப்பொருள். தானே ஆவியாகிப் போனால் தீர்தல், நுண்ணுயிர் உடைத்தால் தீர்த்தல். தன்வினை, பிறவினை இரண்டுக்கும் இடம் இருக்கிறது. மருந்தில் மிஞ்சி நிற்கும் எச்சம் என்பதும் முடிக்கும் சொல்லுக்குக் காத்திருப்பதுதானே, வினையெச்சம் போல? அதை முடித்துவைப்பது தீர்வு.

ஆரணியிலிருந்து:
ஐயா, தீர்வு என்றால் பையன்கள் கணக்குக்கு விடை என்பார்கள். எங்கள் பக்கம் மல்லாட்டை (நிலக்கடலை) போடுகிறவர்கள் கேட்பது, ‘மருந்து வீரியம் எப்போ போகும்?’ என்றுதான். வீரியமிழப்பு என்றால் எல்லோருக்கும் புரியும்.

காட்பாடியிலிருந்து:
வீரியம் போவது வேறு. பாராகுவாட் என்ற களைக்கொல்லி மண்ணில் விழுந்ததும் களிமண்ணோடு இறுகப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் களையைக் கொல்லாது; மூலக்கூறு மட்டும் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். கிளைபோசேட் என்ற இன்னொரு களைக்கொல்லி சிதைந்தால் ஆம்பா என்ற சேர்மம் வருகிறது. அது மூலமருந்தைவிட நீண்டநாள் மண்ணில் தங்கும். சிதைந்தது என்றாலே ஒழிந்தது என்று மாணவர்கள் நினைத்துவிடக் கூடாது, எனக்கு அதுதான் கவலை. பயிருக்குள் இன்னும் சிக்கல். மக்காச்சோளம் அட்ரசினைத் தன் உடலுக்குள்ளேயே மாற்றி முறித்துவிடும். வேறொரு பயிரில் மருந்து அப்படியே இருக்க, பயிரின் எடை கூடுவதால் மட்டும் கிலோவுக்கு இவ்வளவு என்ற அளவு இறங்கும்.

வாலாஜாவிலிருந்து:
அப்படியானால் பொதுப்பெயர் ‘எச்சக் குறைவு’. ஒளிச்சிதைவு, நீராற்பகுப்பு, நுண்ணுயிர்ச் சிதைவு, ஆவியாதல், கசிந்திறங்கல் எல்லாம் அதன் கீழே வரட்டும். வயலில் அளப்பதை அரைவாழ்வு என்னாமல் ‘பாதி குறையும் காலம்’ என்றே எழுதலாம். அட்ரசினுக்கு அந்தக் காலம் களர்த்தன்மையுள்ள மண்ணில் நீளும் என்பதையும் சேருங்கள்.

ஆரணியிலிருந்து:
சரி, எனக்குச் சம்மதம். வீரியம் என்ற சொல்லை விளக்கத்திலாவது விட்டுவையுங்கள்.

காட்பாடியிலிருந்து:
வைக்கிறேன். மூன்று பேர் ஒத்துக்கொண்டோம், ‘எச்சக் குறைவு’ என்றே அனுப்புகிறேன்.

குடியாத்தத்திலிருந்து:
நான் ஒப்பவில்லை. குறைவு என்றால் போதாமை. இதே மாணவர்கள் உரப் பாடத்தில் ‘துத்தநாகக் குறைவு’ என்று படிக்கிறார்கள். அங்கே குறைவு கேடு, இங்கே நன்மையா? தீர்வு அடிக்குறிப்பிலாவது இருக்கட்டும்.